கனவுக் காரைக் கடனில் மூழ்காமல் வாங்குவது எப்படி

விளம்பரத்தில் வரும் விலையை வைத்துக் கார் வாங்கத் திட்டம் போடாதீர்கள். அது எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரியும் காப்பீடும் பதிவுக் கட்டணமும் சேராதது. ஆன்-ரோடு விலை வேறு. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிது.

11 லட்சம் ரூபாய் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆயுட்கால சாலை வரி 18 சதவீதம், அதாவது 1,98,000 ரூபாய். 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) 1 சதவீதம், 11,000 ரூபாய். முதல் ஆண்டுக் காப்பீடு ஏறக்குறைய 50,000. பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்ந்து இன்னும் சில ஆயிரம். மொத்தம் 13.6 லட்சம் ஆகிவிடும். இதில் டி.சி.எஸ். மட்டும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழியும், அல்லது திரும்பக் கிடைக்கும். வருமான வரித் தளத்தில் உங்கள் வரி விவரப் பட்டியலில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் பான் எண் தவறாகப் பதிந்திருந்தால் அது உங்கள் கணக்கில் காட்டாது.

சாலை வரியின் படிகளைத் தெரிந்து வைத்திருப்பது நேரடியாகப் பணம் மிச்சப்படுத்தும். 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதப்படி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆகவே 9.9 லட்சம் வேரியன்ட்டுக்கு வரி 1,28,700 ரூபாய், 10.1 லட்சம் வேரியன்ட்டுக்கு 1,81,800. காரின் விலையில் 20,000 தான் வித்தியாசம், வரியில் 53,100. ஒரு சன்ரூஃபுக்காக இந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் நிறையப் பேர். ஜி.எஸ்.டி.யிலும் இப்படி ஒரு கோடு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்கும் காருக்கு 18 சதவீதம். அதைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40.

கார் வருவதற்கு முன்பே தவணை கட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள். கார் வந்தபின் மாதம் எவ்வளவு செலவாகுமோ, அதே தொகையைக் கார் வாங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பிருந்தே ஒதுக்குங்கள். தவணையை மட்டுமல்ல, ஓட்டும் செலவையும் சேர்த்து.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் கார் ஏறத்தாழ 67 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 6,700 ரூபாய். காப்பீட்டை மாதக் கணக்காக்கினால் 2,500. சர்வீஸ் 1,200. டயர், பேட்டரிக்கு ஒதுக்கு 1,000. சுங்கம், பார்க்கிங், கழுவும் செலவு 1,000. ஆக 12,400. இதோடு தவணை 14,100 (அதன் கணக்கு கீழே) சேர்ந்தால் 26,500 ரூபாய். டயரை யாரும் மாதக் கணக்கில் நினைப்பதில்லை. 40,000 கி.மீ. ஓடியதும் நான்கையும் சேர்த்து மாற்றும் மாதத்தில் கிரெடிட் கார்டைத் தேய்ப்பார்கள்.

கைக்கு 80,000 ரூபாய் வருகிறவருக்கு இந்த 26,500 மூன்றில் ஒரு பங்கு. வீட்டுக் கடனோ பெரிய வாடகையோ இல்லாதவருக்கு இதுதான் எல்லை. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் காருக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

இந்த 26,500 ரூபாயை 6.5 சதவீத வட்டி தரும் ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) 24 மாதம் போட்டால் சுமார் 6.8 லட்சம் சேரும். மேலே சொன்ன 13.6 லட்சம் காரின் சரிபாதி கையில் வந்துவிட்டது. மீதி 6.8 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் ஐந்து ஆண்டுக் கடன் என்றால் தவணை 14,116 ரூபாய், மொத்த வட்டி ஏறக்குறைய 1.67 லட்சம். சேமிக்காமல் 2.1 லட்சம் மட்டும் கையிலிருந்து போட்டு, 11.5 லட்சத்தை அதே வட்டிக்கு ஏழு ஆண்டுக் கடனாக எடுத்தால் தவணை 18,500, வட்டி 4 லட்சத்தைத் தாண்டும்.

ஆர்.டி.யைச் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் வைக்காமல் வேறு வங்கியில் தொடங்கி, சம்பளம் ஏறிய மறுநாளே பிடித்துக்கொள்ளும்படி செய்யுங்கள். அஞ்சலக ஆர்.டி. ஐந்து ஆண்டுத் திட்டம், மூன்று ஆண்டுக்குள் முடிக்க முடியாது. இதற்கு அது ஒத்துவராது. இரண்டே ஆண்டில் எடுக்கப்போகும் பணத்தைப் பங்குச் சந்தையில் போட வேண்டாம். வாங்க நினைத்த மாதத்தில் சந்தை 20 சதவீதம் இறங்கியிருந்தால் காத்திருக்க வேண்டியது நீங்கள்தான். சீட்டு போடுகிறவர்கள் 1982 சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனமா என்று பார்த்துவிட்டே சேருங்கள். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் இருக்க முடியாது. தெருவில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நடத்தும் சீட்டை நம்பிக் கார் திட்டம் போடாதீர்கள்.

இந்த 24 மாதத்தில் தீபாவளிக்கு ஒரு முறை, கல்யாணச் செலவுக்கு ஒரு முறை, போனுக்கு ஒரு முறை என்று கை வைக்க நேர்ந்தால், 26,500 உங்களால் தாங்கக்கூடிய தொகை இல்லை என்று அர்த்தம். காரை ஒரு படி கீழே இறக்குங்கள், அல்லது காலத்தை ஓர் ஆண்டு நீட்டுங்கள். கடன் வாங்கிய பிறகு இது தெரிய வந்தால் செலவு மிக அதிகம். முன்பணத்துக்கு நகையை அடகு வைப்பதும் பர்சனல் லோன் எடுப்பதும் இதே தவறுதான்: ஒரே காருக்கு இரண்டு வட்டி.

ஆறு மாதச் செலவுக்கான கைப்பணம், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, சம்பாதிப்பவருக்கு டேர்ம் காப்பீடு (இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு), இவை மூன்றும் கார் நிதிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

எந்த வேலை, எந்தச் சம்பளம்

எந்தத் துறை என்பதை விட, கைக்கு வரும் தொகை எவ்வளவு நிலையானது என்பதே காருக்கு முக்கியம். 12 லட்சம் சி.டி.சி. (நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தம்) என்றால் மாதம் ஒரு லட்சம் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 6,000, உங்கள் பங்கு 6,000, பணிக்கொடைக்கு 2,405, ஆண்டு இறுதியில் தரும் வேரியபிள் 10 சதவீதம் என்றால் 10,000. கைக்கு வருவது 75,600 ரூபாய். வேரியபிள் வந்தால் முன்பணத்தில் சேரட்டும். மாதத் தவணையை அதை நம்பி வைக்காதீர்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் தொழிற்சாலை வேலையில் இருப்பவர்களுக்கும் இதே விதி. ஓவர்டைம் இரு மடங்கு கூலி என்பதால் சில மாதங்கள் கை நிறைய வரும். உற்பத்தி குறைந்தால் முதலில் நிற்பதும் அதுதான். ஓவர்டைம் பணம் முழுவதையும் ஆர்.டி.க்குத் தள்ளி, தவணையை அடிப்படைச் சம்பளத்தில் நிற்கும்படி அமையுங்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்கு சி.என்.சி. புரோகிராமிங், பி.எல்.சி. (கணினி வழி இயந்திரக் கட்டுப்பாடு) போன்ற கூடுதல் திறன்தான் அந்த அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தும் வழி. சம்பளம் உயரும் ஒவ்வொரு முறையும் உயர்வில் பாதியைக் கார் நிதிக்கு அன்றே மாற்றிவிட்டால் வாழ்க்கை முறை அதைத் தின்னாது.

பொதுத்துறை வங்கி அதிகாரிகளுக்கு ஊழியர் வாகனக் கடன் சலுகை வட்டியில் கிடைக்கும். அந்த வேலையில் இருந்துகொண்டு வெளியில் கடன் வாங்குவது வீண். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் சிலவற்றில் கார் லீஸ் (நிறுவனம் வழியாகக் காரை வாடகைக்கு எடுப்பது) உண்டு. வாடகை வரிக்கு முன்பே சம்பளத்திலிருந்து போவதால், அதிக வரி கட்டுகிறவருக்கு லாபம். ஆனால் வேலை மாறும்போது காரை மீதித் தொகை கொடுத்து வாங்க வேண்டும், அல்லது அபராதத்தோடு திருப்பித் தர வேண்டும். மூன்று ஆண்டு அங்கேயே இருப்போம் என்ற உறுதி இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. கடன் தருபவர் இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்பார். உத்தேச வரித் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் முறை) டிஜிட்டல் வரவுக்குக் குறைந்தபட்சம் 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம் காட்டினால் போதும். 60 லட்சம் விற்றுமுதல் முழுவதும் யு.பி.ஐ.யில் வந்த கடைக்காரர், உண்மையில் 9 லட்சம் லாபம் பார்த்தாலும், அந்தக் குறைந்தபட்சமான 3.6 லட்சத்தை மட்டும் காட்டியிருப்பார். வங்கியின் கண்ணுக்கு அவர் மாதம் 30,000 சம்பாதிப்பவர். உண்மை லாபத்தைக் காட்டத் தொடங்கிய பிறகு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் நல்ல வட்டியில் கடன் அமையும். எனவே கார் எண்ணம் வந்த ஆண்டிலேயே இதைச் சரிசெய்ய வேண்டும்.

கடன் பேசும் நாள்

கடன் கேட்டுப் போவதற்கு மூன்று மாதம் முன்பே உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். ஸ்கோர் 750க்கு மேல் இருந்தால் வட்டி பேசலாம். முடித்த கடன் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டுவதும், பழைய கார்டு பாக்கி ‘செட்டில்டு’ (முழுவதும் கட்டாமல் பேசி முடித்தது) என்று பதிவாகியிருப்பதும்தான் அடிக்கடி ஸ்கோரைக் கெடுப்பவை. கார்டு வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொள்ளுங்கள்.

‘வெறும் 7 சதவீதம்’ என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி: ஃபிளாட்டா (கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி), குறையும் நிலுவைக்கா? 8 லட்சத்துக்கு ஐந்து ஆண்டு 7 சதவீத ஃபிளாட் வட்டி என்றால் மொத்த வட்டி 2,80,000, தவணை 18,000. அசல் குறையக் குறைய வட்டி குறையும் கணக்கில் இது 12.5 சதவீதத்துக்குச் சமம். வங்கியில் 9 சதவீதத்துக்கு அதே கடனின் தவணை 16,607 தான். சதவீதத்தை விடுங்கள், தவணையையும் மாத எண்ணிக்கையையும் பெருக்கி மொத்தத்தை ஒப்பிடுங்கள், ஏமாற மாட்டீர்கள். பிராசஸிங் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம், பகுதித் தொகை கட்ட அனுமதி உண்டா, இவற்றை எழுத்தில் வாங்குங்கள். கார் கடன் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால் அபராதம் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஷோரூமில் விலைப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஆக்சசரி கிட் கட்டாயம் இல்லை. காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. வெளியில் விலை கேட்டு, அதே ஐ.டி.வி.க்கு (காப்பீடு செய்யப்படும் கார் மதிப்பு) ஒப்பிடுங்கள். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு (பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான பகுதியை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போலத் தண்ணீர் தேங்கும் பகுதியில் இருப்பவர்கள் எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுங்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெட்டுப்போனால் சாதாரண பாலிசி கொடுக்காது.

புதுசு எட்டாத தூரத்தில் இருந்தால் மூன்று, நான்கு ஆண்டு ஓடிய காரைப் பாருங்கள். காப்பீட்டுக் கணக்கிலேயே மூன்று ஆண்டு முடிந்த காரின் மதிப்பு 40 சதவீதம் கழிந்துவிடும். அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, வங்கி அடமானம் இருக்கிறதா, இ-சலான் நிலுவை உண்டா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) பழைய உரிமையாளருடையது, காரோடு வராது. சொகுசு பிராண்டு கார் பழையதாகும்போது விலை பாதியாகும், ஆனால் உதிரிபாக விலை பாதியாகாது. அதற்கு மாதம் ஒதுக்கும் சர்வீஸ் தொகையை மூன்று மடங்காக வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசித் தவணை முடிந்ததும் வங்கியிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் (அடமான நீக்க விண்ணப்பம்) வாங்குங்கள். சான்று பெரும்பாலும் மூன்று மாதம்தான் செல்லும். அதற்குள் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அடமானப் பதிவை நீக்குங்கள், பிறகு காப்பீட்டு பாலிசியிலும் வங்கியின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவதை மறந்தவர்களுக்குப் பெரிய விபத்து கிளெய்மின்போது காசோலை வங்கியின் பெயரில் வந்து நிற்கும்.