வாரண்டி இருக்கிறதென்று ஹார்ட் டிஸ்கைக் கொடுத்துவிடும் முன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். செத்துப்போன ஹார்ட் டிஸ்கை மேசைமேல் வைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "தம்பி, வாரண்டி இன்னும் இருக்கு" என்பதைத்தான். ரசீதையும் மறக்காமல் எடுத்து வந்திருப்பார்கள். அந்த நிம்மதியைக் கலைக்க மனம் வருவதில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: வாரண்டி அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் படத்துக்கும் கணக்குக்கும் அதில் யாரும் பொறுப்பேற்பதில்லை. அனுப்பிய டிஸ்க் பொதுவாகத் திரும்பி வராது. அதற்குப் பதில் இன்னொன்று, பல நேரம் பழுதுபார்த்துச் சோதித்த ஒன்று, காலியாக வரும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் உறுத்துகிறது. தொழிலுக்கு வந்த புதிதில், பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோவில் நிர்வாகத்தார் ஒரு டிஸ்கைக் கொண்டுவந்தார்கள். தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டு, குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டிருந்தன. அதற்குமுன் வீடுவீடாகப் போய் வாங்கி ஸ்கேன் செய்த பழைய படங்கள் அதில் இருந்தன: தீமிதி, பால்மரக் காட்டு வேலை, ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள். டிஸ்க் அன்று சுழன்றுகொண்டுதான் இருந்தது. மெதுவாக, திக்கித் திக்கிப் படித்தது. அப்போதே உட்கார்ந்திருந்தால் பாதியையாவது மீட்டிருக்கலாம். நான் வாரண்டி பாரத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். சில வாரத்தில் மாற்று டிஸ்க் வந்தது. கோவில் தலைவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "படமெல்லாம் எங்க தம்பி?" என்று கேட்டார்.

அன்றுமுதல் பாரத்தைத் தொடுவதற்குமுன் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதில் இருப்பது வேறெங்காவது இருக்கிறதா?" இல்லை என்றால் வாரண்டியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். காலாவதி நாளைக் குறித்துக்கொண்டு, முதலில் தரவு, பிறகு வாரண்டி என்று போவதுதான் சரியான வரிசை.

வீட்டிலேயே நடக்கும் பெரிய தவறு, டிஸ்க் 'டிக் டிக்' என்று அடிக்கும்போது விடாமல் அணைத்து அணைத்துப் போடுவது. உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழல்கின்றன. படிக்கும் ஹெட் அவற்றின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனோ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். அந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. சேதமடைந்த ஹெட் வட்டைத் தொட்டால் மேலே பூசிய காந்தப் படலத்தைச் சுரண்டிவிடும். தரவு இருப்பதே அந்தப் படலத்தில்தான். சுரண்டி உதிர்ந்ததை எந்த ஆய்வுக்கூடமும் ஒட்டித்தர முடியாது. சத்தம் கேட்டால் மின்சாரத்தைத் துண்டியுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று போட்டுப் பார்த்துத் தரவை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சத்தமில்லாமல் சாகும் டிஸ்குகள் வேறு வகை. அவற்றைச் செருகினால், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று விண்டோஸ் கேட்கும். தயவுசெய்து சம்மதம் கொடுக்காதீர்கள். 'செக்டிஸ்க்' ஓட்டச் சொல்லி அறிவுரை கூறுபவர்களும் உண்டு. அந்தக் கருவி கோப்பு அமைப்பைச் சீராக்குவதற்கானது. அதற்காக டிஸ்கிலேயே எழுதும், நல்ல தரவின் இணைப்பையும் துண்டித்துவிடக்கூடும். தள்ளாடும் டிஸ்கை மணிக்கணக்கில் ஓடவும் வைக்கும். மீட்பு மென்பொருளை இறக்கி அதே டிஸ்கில் நிறுவுவதும் இதே வகைத் தவறு. அழிந்த கோப்புகள் கிடக்கும் இடத்தின்மேலேயே அது போய் உட்காரும்.

குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்ற பழைய கதையும் இன்னும் சாகவில்லை. நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்த சில நிமிடத்தில் மேலும் உள்ளும் நீர்த்துளி கோக்கும். மேசையில் தட்டுவது, திருகைக் கழற்றி மூடியைத் திறப்பது இரண்டுமே வேண்டாம். திறந்தால் தூசியும் நுழையும், வாரண்டியும் அந்த நிமிடமே போய்விடும்.

இடி மின்னல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேராக்கில் மாலை மழையோடு வரும் மின்னலுக்குப் பலியான டிஸ்குகள் என் கடைக்கு அடிக்கடி வரும். சுழற்சியும் இருக்காது, சத்தமும் இருக்காது. இவற்றைக் கொண்டுவருபவர்களிடம் நான் நம்பிக்கையோடு பேச முடியும். பல நேரம் அடிபட்டிருப்பது அடிப்புறத்து மின்பலகை மட்டும்தான். மின்னழுத்தம் எகிறும்போது தன்னைப் பலிகொடுக்கும் சிறு பாதுகாப்பு டையோடு அதில் இருக்கிறது. வட்டும் ஹெட்டும் உள்ளே பத்திரமாக இருக்கலாம். ஆனால் அதே மாடலில் இன்னொரு டிஸ்கை வாங்கிப் பலகையை மாற்றிப் பூட்டாதீர்கள். ஒவ்வொரு டிஸ்குக்கும் தொழிற்சாலையில் அளந்து எழுதிய தனி அளவீடுகள் உண்டு. பல மாடல்களில் அவை பலகையிலுள்ள ரோம் (ROM) என்ற நினைவகச் சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பையும் எடுத்துப் புதுப் பலகையில் பற்றவைக்காமல் டிஸ்க் சரியாக எழாது.

வெளியே செருகும் டிஸ்குகளிலும் ஒரு பொறி உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை பாஸ்போர்ட்' போன்ற சில மாடல்களில், நீங்கள் கடவுச்சொல்லே வைக்காவிட்டாலும் தரவு மறையாக்கத்தோடுதான், அதாவது நேரடியாகப் படிக்க முடியாதபடி பூட்டித்தான், எழுதப்படுகிறது. அந்தப் பூட்டைத் திறப்பது யூஎஸ்பி பலகைதான். அது போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிட்டால் பிறகு சிரமம். உறை, பலகை, கம்பி எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள். விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்ற மறையாக்க வசதி தானாகவே இயங்கியிருக்கும். டிஸ்கை முழுதாக மீட்டெடுத்தாலும் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் ஒரு படம்கூடத் திறக்காது. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

டிஸ்க் இன்னும் சுழல்கிறது, சத்தமில்லை, அங்கங்கே மட்டும் படிக்க மறுக்கிறது என்றால், கோப்பு கோப்பாக இழுத்துப் போடாமல் முழு டிஸ்கையும் பிரதி எடுப்பதே நல்லது. லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் முதலில் எளிதாகப் படிக்கும் பகுதிகளை எடுத்துவிட்டு, முரண்டு பிடிப்பவற்றைக் கடைசிக்குத் தள்ளும். எதுவரை எடுத்தது என்பதைக் குறித்து வைப்பதால் இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரதி எடுக்கும் டிஸ்க் பழையதைவிடப் பெரிதாக இருக்கட்டும். மீட்பு வேலைகளை எல்லாம் பிறகு பிரதியில் செய்யுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் திறந்துதான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், செலவு ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு (ரிங்கிட்) போகலாம். திறப்பதற்குமுன் டிஸ்க் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். தாங்கள் ஏற்ற மீட்பு நிறுவனம் திறந்து, அதற்குக் கடிதமும் கொடுத்தால் வாரண்டியை மதிக்கும் நிறுவனங்கள் உண்டு. பதில் எழுத்தில் இருக்கட்டும். சீகேட்டின் 'அயர்ன்வுல்ஃப்' போன்ற சில டிஸ்குகளோடு மூன்றாண்டு தரவு மீட்புச் சேவையே சேர்ந்து வருகிறது. வாங்கியவர்கள் பெட்டியைப் படிக்காததால் அது பயன்படாமல் போகிறது.

வாரண்டி தாள்களிலும் கவனம் வேண்டும். கடை ரசீது வெப்பத்தாளில் அச்சானது, ஓராண்டில் வெளிறிவிடலாம். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். உள்ளூர் விநியோகஸ்தர் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். வரிசை எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் காலாவதி நாள் தெரியும். நியாயமான வாரண்டியைக் கடை மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை வரம்பு 50,000 வெள்ளி.

அதோடு, செத்த டிஸ்கில் இருப்பதை நீங்கள் அழித்துவிட்டு அனுப்ப முடியாது. அதில் அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு, சிவப்பு ஐசிக்காரர்களின் (சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளின்) குடியுரிமை விண்ணப்பத் தாள்கள் இருந்தால், சில நூறு வெள்ளி டிஸ்குக்காக அதைக் கைவிட்டு அனுப்புவது சரியா என்று யோசியுங்கள். அப்படிப்பட்டவர்களிடம் வாரண்டியை விட்டுவிடச் சொல்லித்தான் நான் பேசுகிறேன்.

தரவு கைக்கு வந்த பிறகும் அவசரப்பட வேண்டாம். பட்டியலில் கோப்பின் பெயர் தெரிவதை வைத்து மீண்டது என்று எண்ணிவிடாதீர்கள். பெயர் சரியாக இருந்து உள்ளே பாதிப் படம் சாம்பல் நிறமாக நிற்பதுண்டு. பழைய ஸ்கேன்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், கல்லுமலைத் தைப்பூச வீடியோவைக் கடைசிவரை ஓட்டுங்கள், கணக்குப் புத்தகத்தைத் திறந்து கூட்டுத்தொகை சரியா என்று பாருங்கள். இரண்டாவது நகலை வேறொரு வீட்டில் வைத்த பிறகு, பழைய டிஸ்கை நிலைமின் தடுப்பு உறையில் போட்டு, சுற்றிலும் கனமான பஞ்சுத்தாள் திணித்து, பாரத்தை நிரப்பலாம்.