வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை: உள்ளூரில் யாரைப் பார்ப்பது, என்ன எடுத்துப்போவது

என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள். ஐந்து வருடமாகியும் ஓர் அழைப்பும் வரவில்லை. தமிழக அரசின் உதவித்தொகைக்கு அவளுக்காக நான் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் தகுதியைப் பாருங்கள். பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும், இடையில் புதுப்பித்தல் விட்டுப்போயிருக்கக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது வரம்பு 40, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம், விவசாயம், சட்டம் படித்தவர்களுக்குக் கிடையாது.

மாதத்தொகை: பத்தாம் வகுப்பு தவறியவருக்கு 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும், மூன்று ஆண்டுகள் வரை. சின்னத் தொகைதான். ஆனால் போட்டித் தேர்வு எழுத வெளியூர் போகும்போது பஸ் காசுக்கு அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்று தங்கை சொன்னாள். அந்த ஒரு காரணத்துக்காகவே விடாதீர்கள்.

1. படிவம் வாங்குவது

இணையத்தில் இறக்கி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கலாம். நான் அதைச் சொல்ல மாட்டேன். உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு (வேலைவாய்ப்பு அலுவலகம்தான்), பதிவின்போது தந்த அடையாள அட்டையோடு நேரில் போங்கள். அட்டையைப் பார்த்ததுமே ஐந்து வருடக் கணக்கு சரியா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். படிவம் இலவசம். வாங்கித் தருகிறேன், முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

2. வருவாய்த் துறைக் கையெழுத்து

நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். இ-சேவை மையத்தில் எடுத்த வருமானச் சான்றிதழ் கையில் இருந்தது, அதை இணைத்தால் போதும் என்று நினைத்தோம். படிவத்துக்குள்ளேயே வருமானத்துக்குச் சான்று தரும் பகுதி ஒன்று இருக்கிறது. அது காலியாக இருந்ததால் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதனால் படிவத்தை நிரப்பியதும் முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். குடும்ப அட்டை, ஆதார் இரண்டின் நகலும் வேண்டும். அவர் கையெழுத்திட்ட பிறகு வருவாய் ஆய்வாளரிடம் போக வேண்டும். இருவரும் பாதி நாள் வெளி வேலையில் இருப்பார்கள், அதனால் போன் செய்து கேட்டுவிட்டுக் காலையில் கிளம்புங்கள். கையெழுத்தோடு அலுவலக முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்னொரு நாள் போய்விடும்.

3. கொடுப்பது

நிரப்பிய படிவத்தோடு அதே மையத்துக்கு எடுத்துப்போக வேண்டியவை: மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், வேலைவாய்ப்பு அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், எல்லாவற்றின் அசலும் நகலும். தேசியமயமாக்கப்பட்ட வங்கிக் கணக்கே நல்லது. சான்றிதழில் உள்ள இனிஷியலும் வங்கிப் புத்தகத்தில் உள்ள இனிஷியலும் ஒன்றாக இல்லையென்றால் முதலில் வங்கியில் போய்த் திருத்துங்கள்.

பணம் வர ஆரம்பித்த பிறகு ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். இதை மறந்து தொகை நின்றவர்கள் உண்டு. உதவித்தொகை வாங்குவதால் உங்கள் பதிவு ரத்தாகாது, வேலைக்கான சீனியாரிட்டி அப்படியே இருக்கும்.

பிற்சேர்க்கை: அஞ்சல் வழியில் படிப்பவர் விண்ணப்பிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாக. தினமும் கல்லூரிக்குப் போய் முழுநேரம் படிப்பவருக்குத்தான் கிடையாது.

இன்னொருவர் மாற்றுத்திறனாளியான தன் அண்ணனுக்காகக் கேட்டிருந்தார். அவர்களுக்கு விதி வேறு: பதிவு செய்து ஓராண்டு ஆனால் போதும், வருமான வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பு வரை 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய், பத்து ஆண்டுகள் வரை. அவருடைய அண்ணன் பதிந்து இரண்டு வருடம் ஆகிறதாம். இந்த வாரமே அட்டையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.