மேல்மலையில் டென்ட் போட இடம் பார்ப்பது எப்படி

கொடைக்கானலுக்கு மேலே டென்ட் போட்டுத் தங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஏரிக்கரையைத்தான். மதுரையிலிருந்து வரும் என் தங்கை பிள்ளைகளும் பையை இறக்கி வைப்பதற்குள், "பெரியம்மா, தண்ணி ஓரமாவே போட்டுக்கலாமே" என்பார்கள். எங்கள் பூண்டுத் தோட்டம் கூக்கால் பக்கம். மேட்டிலிருந்து பார்த்தால் ஏரி முழுசாகத் தெரியும். பகல் பூராவும் கரையில் உட்காருங்கள், படுக்க மட்டும் மேலே வந்துவிடுங்கள் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்வது. இரவில் குளிர், ஈரம், காட்டுமாடு மூன்றும் தண்ணீரை நோக்கித்தான் இறங்கும். அந்த மூன்றின் வழியிலும் படுக்காமல் இருந்தால் இந்த மலையில் நல்ல தூக்கம் நிச்சயம்.

இடம் பார்ப்பதற்கு முன் ஒன்று. ஏரி கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அதன் கரையில் டென்ட் அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. பேரிஜம் ஏரி காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. வனத்துறை அனுமதிச் சீட்டோடு பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மன்னவனூர் ஏரியும் வனத்துறை பொறுப்பில் உள்ளது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, பார்க்க வெறும் புல்வெளியாகத் தெரியும் பல இடங்கள் சரணாலயத்துக்குள் வருகின்றன. மிச்சம் இருப்பது பட்டா நிலம். அதிலும் வாடகைக்கு டென்ட் போட்டுக் கொடுக்க அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத முகாம்களை அதிகாரிகள் பலமுறை வந்து அகற்றியிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகளோடு கிளம்பச் சொன்னால் எங்கே போவீர்கள்? முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இடத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்குள் வந்து சேருங்கள். இது பலருக்குச் சின்ன விஷயமாகத் தெரியும், எனக்கு இதுதான் முதல் விதி. இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் எல்லா நிலமும் சமமாகத்தான் தெரியும். வெளிச்சம் இருந்தால்தான் நடந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம்.

குளிரிலிருந்து தொடங்குகிறேன், இங்கே வருகிறவர்கள் அதிகம் அவதிப்படுவது அதில்தான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சூட்டை விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவு வழியாக மெல்ல இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஏரி எப்போதும் பள்ளத்தில்தானே இருக்கிறது. உயரமாகப் போனால் குளிர் அதிகம் என்ற கணக்கு பகலுக்குச் சரி. டிசம்பர், ஜனவரி ராத்திரியில் பள்ளம்தான் குளிர். ஊட்டியிலும் உறைபனி முதலில் வெள்ளையாகப் படிவது தலைக்குந்தா போன்ற தாழ்வான வெளிகளில்தான்.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால், தை மாதத்தில் எங்கள் பக்கம் ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு வந்து நில்லுங்கள். பனி விழுந்த மறுநாள் காலையில் கீழ் அடுக்கில் உள்ள செடிகள் வெந்நீர் ஊற்றியது மாதிரி துவண்டு கிடக்கும். வெயில் ஏற ஏற இலை கறுத்துவிடும். இரண்டு அடுக்கு மேலே ஏறினால் அதே நாளில் நட்ட, அதே விதைக்கிழங்கில் வந்த செடி பச்சையாக நிற்கும். கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவே கோடு போட்டது போல எல்லை தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே டென்ட் போடுங்கள். செடி இல்லாத காலமாக இருந்தால், "அண்ணே, போன தையில பனி எதுவரைக்கும் கருக்குச்சு?" என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். கையை நீட்டிக் காட்டிவிடுவார்.

கேட்க ஆளில்லையென்றால் ஓர் ஊதுபத்தி போதும். சூரியன் மறைந்து காற்று அடங்கியதும் கொளுத்தி, முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். புகை முதலில் நேராக எழும். கொஞ்ச நேரத்தில் வளைந்து, தரையோடு தரையாக ஒரு பக்கம் நகரத் தொடங்கும். அதுதான் குளிர் இறங்குகிற வழி. வரப்போ, கல்கட்டோ, அடர்ந்த புதர் வரிசையோ அந்த வழியை மறித்தால், அதற்கு மேல்புறம் குளிர் தேங்கும். அங்கே படுக்கக் கூடாது. மறிப்பு ஏதும் இல்லாமல் புகை நழுவிப் போகிற சரிவின் நடுப்பகுதியே நல்லது. அதற்காக உச்சிக்கும் போக வேண்டாம், அங்கே காற்று பிடுங்கும்.

காற்றின் திசை மாதத்தைப் பொறுத்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து, கேரளப் பக்கத்திலிருந்து வரும். மன்னவனூர், கூக்கால், கிளாவரை எல்லாம் அந்த விளிம்பில் இருக்கிற ஊர்கள், அங்கே அது பலமாகவே அடிக்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வரும். பழனி மலைக்குப் பெரிய மழையும் அக்டோபர், நவம்பரில்தான். டென்டின் குறுகலான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டுங்கள், வாசலைக் காட்டாதீர்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே இடுக்கு மாதிரி திறந்திருக்கும் இடம் படத்துக்கு அழகாக இருக்கும். ராத்திரியில் காற்று அதற்குள் குவிந்து வரும்.

அடுத்து ஈரம். உள்ளங்கையைத் தரையில் வைத்து உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். கை எடுத்ததும் பள்ளத்தில் தண்ணீர் கசிந்தால் அது சதுப்பு, மேலே எவ்வளவு பச்சைப் புல் இருந்தாலும் சரி. ஏரிக்கு அருகே சமமாக, மெத்தையாக, யாரோ வெட்டிவிட்ட மாதிரி அழகாக இருக்கிற புல்தரை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கரையில் காய்ந்த குச்சியும் சருகும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாகத் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது.

நீலகிரியில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, பைக்காரா எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். அங்கே தண்ணீர் மழையால் மட்டும் ஏறி இறங்குவதில்லை, மின் உற்பத்திக்காகத் திறப்பதையும் மூடுவதையும் பொறுத்தும் மாறும். கோடையில் வெளியே தெரிகிற செம்மண் கரை காய்ந்து கிடந்தாலும் அது ஏரியின் தரைதான். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மலை அப்படியும் பெய்யக் கூடியது என்று தெரிந்துகொண்டு இடம் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியின் மேற்குப் பக்கத்தில் டென்ட் வேண்டாம் என்பேன்.

தண்ணீரிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளியிருங்கள். உங்களுக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது. கழிப்பிடமும் பாத்திரம் கழுவுவதும் அந்த தூரத்துக்கு அப்பால்தான். இங்கே ஓடையில் ஓடுவது கீழ் ஊர்க்காரர்கள் குடிக்கிற தண்ணீர். அதே காரணத்தால் நீங்களும் ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். மேலே தோட்டங்களில் அடிக்கிற மருந்தும் போடுகிற எருவும் மழையோடு அதில்தான் வந்து சேர்கின்றன.

இன்னொன்று. காலையில் டென்டின் உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் டென்ட் ஒழுகுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உங்கள் மூச்சுக்காற்று குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீரானது. ஏரி ஓரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் இது இரட்டிப்பாகும். மேட்டில் போட்டு, மேலே இருக்கும் வலை ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தால் பாதி குறைந்துவிடும். கிழக்குச் சரிவாக இருந்தால் காலை வெயில் சீக்கிரம் வந்து மிச்சத்தை உலர்த்திவிடும்.

அடுக்குத் தோட்டத்தில் போடுவதென்றால் கல்கட்டின் அடியில் ஒட்டிப் போடாதீர்கள். காற்றுக்கு மறைவாக இருக்கிறதே என்று ஆசையாக இருக்கும். நாலு நாள் மழையில் ஊறிய கல்கட்டு சத்தமில்லாமல் சரிந்து வருவதை நாங்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறோம். வெளி விளிம்பும் வேண்டாம், அடுக்கின் நடுவில் போடுங்கள். புதிதாகக் கோழி எரு போட்ட தோட்டத்தையும் தவிர்த்துவிடுங்கள், ஈ மொய்க்கும். பூண்டு எடுத்து முடித்துச் சும்மா கிடக்கிற நிலம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

இப்போது மாடு. எங்கள் ஊரில் மாடு என்று பயந்த குரலில் சொன்னால் அது காட்டுமாடுதான். சோலையும் புல்வெளியும் சந்திக்கிற ஓரத்தில் பகலில் ஒதுங்கி நிற்கும், பொழுது சாய்ந்ததும் தண்ணீருக்கும் தோட்டத்துக்கும் இறங்கும். எப்போதும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் வரும். அந்த வழியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. புல் இரண்டடி அகலத்துக்குத் தேய்ந்து, மண் மிதிபட்டுக் குழைந்திருக்கும். பிளந்த குளம்படி வீட்டு மாட்டுடையதைவிட அகலமாகப் பதிந்திருக்கும். தட்டுத் தட்டாகச் சாணம் கிடக்கும். சாணத்தை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். மேலே காய்ந்து உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால், இன்றோ நேற்றோ வந்து போயிருக்கிறது. அங்கிருந்து விலகிவிடுங்கள். பாதைக்கும் உங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும். முக்கியமாக, மாட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் உங்கள் டென்ட் நிற்கக் கூடாது.

ஊர்க்காரர்களிடம் விசாரிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "இங்க பாதுகாப்பாண்ணே?" என்று கேட்டால் டீக்கடையில் எல்லோரும் "ஒண்ணும் பயமில்ல தம்பி" என்றுதான் சொல்வார்கள். விருந்தாளியைப் பயமுறுத்த யாருக்கும் மனசு வராது. "மாடு எந்த வழியா இறங்குது? பன்றி யார் தோட்டத்துல விழுந்துச்சு?" என்று கேளுங்கள். இடம், நாள், நேரம் எல்லாம் வந்துவிடும். தாண்டிக்குடி, பேத்துப்பாறை மாதிரி கீழ்மலைப் பக்கம் போகிறவர்கள் யானையைப் பற்றியும் கேட்க வேண்டும். சமீபத்தில் யானை வந்த இடமென்றால் அங்கே டென்ட் என்ற பேச்சே வேண்டாம், சுவர் உள்ள வீட்டில் தங்குங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி எண்ணெய் வாசனைக்கும் சாப்பாட்டு வாசனைக்கும் வீட்டுக் கதவையே உடைக்கிறது. எந்த மலையானாலும் சாப்பாட்டை டென்டுக்குள் வைக்காதீர்கள், காரில் பூட்டுங்கள். தோட்டத்தைச் சுற்றி மின்வேலி ஓடுகிறதா என்றும் வெளிச்சத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மரத்தடி வேண்டாம். சோலை மரங்கள் பல காலம் காற்றோடு பழகி நிற்பவை. நாம் நட்ட யூகலிப்டஸும், வாட்டில் என்கிற சீகை மரமும் அப்படியில்லை. யூகலிப்டஸ் காற்றில்லாத நாளில்கூடக் கிளையை முறித்துப் போடும். சீகைக்கு வேர் ஆழமில்லை, மழையில் மண் இளகினால் மரமே சாயும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது இந்த மலைச் சாலைகளில் எத்தனை மரம் விழுந்து கிடந்தது என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். அண்ணாந்து பாருங்கள், காய்ந்த கிளையோ பாதி முறிந்து தொங்குகிற கிளையோ இருந்தால், அந்த மரத்தின் உயரத்தைவிட ஒன்றரை மடங்கு தள்ளிப் போங்கள்.

பைன் மரத்தடிச் சருகு மெத்தென்று இருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அது முழுக்க எரிபொருள். 2018 மார்ச்சில் இங்கிருந்து தொலைவில் இல்லாத குரங்கணியில், மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். கோடையில் என் நிலத்தில் நெருப்பு மூட்ட யாரையும் நான் விடுவதில்லை. காய்ந்த புல் சரிவில் தீ கீழிருந்து மேலே ஓடும், மனிதரைவிட வேகமாக. கோடையில் வந்தால் உழுத தோட்டத்து ஓரமாக, சுற்றிலும் வெறும் மண் இருக்கிற இடமாகப் பாருங்கள்.

ரத்தம் குடிக்கிற அட்டைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் சோலை ஓரத்தையும் ஈரச் சருகையும் விட்டு வெயில் படும் குட்டைப் புல்லில் போட்டால் போதும். காலில் ஏறிவிட்டால் உப்பைப் போடுங்கள்.

எல்லாம் பார்த்து இடம் முடிவானதும், டென்டைப் பிரிக்காமல் முதலில் பாயை மட்டும் விரித்துப் படுத்துப் பாருங்கள். இடுப்புக்கடியில் கல் இருக்கிறதா, உருள்கிறதா என்று முதுகு சொல்லும். லேசான சரிவு இருந்தால் தலை மேட்டுப் பக்கம். அடியில் போடும் தார்ப்பாய் டென்டைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் மழைத்தண்ணீரை உள்ளே வாங்கிக் கொடுக்கும். சுற்றிலும் வாய்க்கால் தோண்டாதீர்கள். சரியான இடத்தில் அதற்குத் தேவை வராது, தோண்டிய மண் அடுத்த மழையில் அரித்துக்கொண்டு போய் ஏரியில்தான் சேரும்.

வாடகை முகாமில் டென்டை முன்கூட்டியே அடித்து வைத்திருப்பார்கள், பெரும்பாலும் ஏரி படத்தில் விழுகிற இடத்தில். மேலே சொன்னதையெல்லாம் அங்கேயும் ஒரு சுற்று பாருங்கள். "அண்ணே, இதை அந்த மேட்டுக்கு மாத்திக் குடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். நாலு பேர் பிடித்தால் பத்து நிமிட வேலை. மாற்ற முடியாது என்றால் தங்காதீர்கள். மூன்று மணிக்கு வந்திருந்தால், பூம்பாறை வழியாக இருட்டுவதற்குள் கொடைக்கானல் போய் ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம்.