பழைய ரேசருக்கு மாறுகிறவர்களுக்கு: அழுத்தாதீர்கள்

தலையை அப்படியே கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசரில் பழகிய கை, இரட்டை விளிம்பு பிளேடு போடும் ரேசரைப் பிடித்ததும் அழுத்தத்தான் பார்க்கும். வெட்டுக்கும் எரிச்சலுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். இதன் தலை கார்ட்ரிட்ஜ் மாதிரி அசைந்து கொடுக்காது. கோணத்தைக் கைதான் காக்க வேண்டும்.

முதலில் ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் வையுங்கள். கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். பிளேடு முடியைத் தொடும்வரை மட்டும் கைப்பிடியைக் கீழே இறக்குங்கள். ஏறக்குறைய 30 டிகிரி, அவ்வளவுதான். கைப்பிடியின் அடிப்பகுதியை லேசாகப் பிடித்தால் ரேசரின் எடையே வெட்டிவிடும். ஒரு இழுப்பு 2–3 செ.மீ. போதும். மறு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள்.

தொடக்கத்தில் முடி வளரும் திசையில் ஒரு சுற்று மட்டுமே. கன்னத்தில் அது கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில்தான் சிக்கல், பலருக்குப் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் வளரும். இரண்டு நாள் தாடியை விரலால் தடவுங்கள், சொரசொரப்பு குறைவாகத் தெரியும் பக்கம்தான் அந்தத் திசை. இதைப் பார்க்காமல் இழுப்பதால்தான் கழுத்தில் சிவப்புக் கொப்புளங்கள் வருகின்றன. தோல் பழகிய பிறகு, புதிதாக நுரை பூசிக் குறுக்கே இரண்டாம் சுற்று போகலாம். நுரையில்லாத இடத்தில் பிளேடு படவே கூடாது.

முடித்ததும் ஈர முகத்தில் படிகாரம் தேயுங்கள். எங்கே கடுமையாக எரிகிறதோ, அங்கே அழுத்தியிருக்கிறீர்கள்.

பிளேடைத் துடைக்க வேண்டாம், அலசி உதறுங்கள். முடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால் உடனே மாற்றுங்கள். பெரும்பாலும் 4–5 சவரம் தாங்கும்.