பழைய விண்டோஸில் ‘ஃபைல் காணோம்’ என்று வந்தால் செய்யக் கூடாதவை

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் எடைமேடைகளிலும் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கான பொது ஆதரவை 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. எடைபோடும் பழைய சாஃப்ட்வேர் புதிய விண்டோஸில் ஓடாமல் போகலாம் என்பதால் மாற்றத் தயங்குகிறார்கள். சம்பா அறுவடை நேரத்தில், நெல் லாரி மேடைமேல் நிற்கும்போது ஒரு ஃபைல் இல்லை என்று திரையில் வந்தால் பதற்றம் இயல்பு. அந்தப் பதற்றத்தில் செய்யும் காரியங்களால்தான் சிஸ்டம் முழுசாகப் படுக்கிறது.

முதல் தவறு, காணாமல்போன ஃபைலின் பெயரைக் கூகுளில் தேடி, கிடைத்த தளத்திலிருந்து தனி டிஎல்எல் (சாஃப்ட்வேர்கள் ஓடத் தேவையான துணை ஃபைல்) இறக்குவது. அது எந்தப் பதிப்பு, யார் கைவைத்தது என்று தெரியாது. வைரஸும் சேர்ந்தே வரலாம். ஃபைல் யாருடையது என்று முதலில் பாருங்கள். ‘எம்எஸ்விசிபி140’ என்றால் அது விண்டோஸின் ஃபைலே அல்ல. மைக்ரோசாஃப்ட் தரும் விஷுவல் சி++ 2015 தொகுப்போடு வருவது. ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி’ என்று தொடங்கினால் கேபி2999226 அப்டேட் வேண்டும். சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய அப்டேட் தொகுப்பு இல்லாத விண்டோஸ் 7-இல் அது ஏறாது.

எடைமேடையில் அடிக்கடி தொலைவது ‘எம்எஸ்காம்32’ ஓசிஎக்ஸ். எடைக்கருவி சீரியல் போர்ட் வழியாக அனுப்பும் எண்ணை, விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய சாஃப்ட்வேருக்கு வாங்கிக் கொடுப்பது இதுதான். இது விண்டோஸோடு வருவதில்லை, சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலரோடு வரும். அதனால் விண்டோஸை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் திரும்பாது. சாஃப்ட்வேர் கொடுத்தவரின் பழைய சிடியைத் தேடி எடுத்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். கையால் பதிய (ஃபைல் எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்ல) வேண்டி வந்தால், 64-பிட் விண்டோஸில் இந்த 32-பிட் ஃபைலை வைக்க வேண்டிய இடம் ‘சிஸ்வாவ்64’ ஃபோல்டர். பெயரை நம்பி ‘சிஸ்டம்32’-இல் போடுகிறார்கள். அங்கே இருப்பவை 64-பிட் ஃபைல்கள். கட்டளை அடிக்கும் சிஎம்டி திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சிஸ்வாவ்64-க்குள் இருக்கும் ரெக்எஸ்விஆர்32 என்ற பதிவுக் கட்டளையைக் கொண்டே பதியுங்கள்.

விண்டோஸின் சொந்த ஃபைல் கெட்டிருந்தால், அதைத் தேடிச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளை பெரும்பாலும் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அரை மணிக்கு மேலும் ஆகலாம். யூபிஎஸ் பேட்டரி தாங்குமா என்று பார்த்துத் தொடங்குங்கள், பாதியில் அணைக்காதீர்கள். எஸ்எஃப்சி மாற்று ஃபைல்களை எடுக்கும் கிடங்கைச் சரிசெய்யும் டிஐஎஸ்எம் ரெஸ்டோர்ஹெல்த் கட்டளையை விண்டோஸ் 7-இல் அடித்துப் பயனில்லை, அது விண்டோஸ் 8 முதல்தான் உண்டு. அதே வேலைக்கு 7-இல் கேபி947821 என்ற ரெடினஸ் டூல் இருக்கிறது. ஏதாவது சாஃப்ட்வேர் டாட்நெட் 3.5 (அது ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் தொகுப்பு) கேட்டால் எதையும் இறக்க வேண்டாம்; கன்ட்ரோல் பேனலில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ திறந்து 3.5.1-க்கு டிக் போட்டால் போதும்.

வேகமாக ஓடும் என்று யாரோ போட்டுவிட்ட ‘லைட்’ விண்டோஸாக இருந்தால் எஸ்எஃப்சி போன்ற வழிகள் பலிக்காமல் போகலாம். மாற்று ஃபைல்கள் இருக்க வேண்டிய கிடங்கையே பெரும்பாலும் வெட்டி எறிந்திருப்பார்கள். அதில் மல்லுக்கட்டாமல் முழு விண்டோஸை முறையாகப் போடுவதே வழி.

தேதியையும் ஒருமுறை பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் கணினியின் தேதி பல வருஷம் பின்னே போய்விடும். உடனே சர்டிஃபிகேட் பிழை வரும், இன்ஸ்டாலர் நின்றுவிடும், எடைச்சீட்டிலும் தப்பான தேதி அச்சாகும். இதற்கு ஃபைலைத் தேடி அலைவது வீண். பேட்டரியை மாற்றி, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) தேதியைச் சரிசெய்யுங்கள்.

எதைத் தொடும் முன்னும் சாஃப்ட்வேர் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகலெடுங்கள். எடைக்கணக்கு பெரும்பாலும் எம்டிபி (மைக்ரோசாஃப்ட் அக்சஸ் டேட்டாபேஸ்) ஃபைலாக அதற்குள்ளேயே இருக்கும். பிறகு சிஸ்டம் புரொடெக்‌ஷனில் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் எஸ்எஃப்சி, டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் எதுவும் ஓட்டாதீர்கள்; நகல்தான் முதல் வேலை, பிறகு புது டிஸ்க். வேலை முடிந்ததும் நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். எடைச்சீட்டு அடிக்க இன்டர்நெட் தேவையில்லை.