வாடகைக்கு விடும் வீட்டில் ஆண்டுதோறும் கேஸ் சோதனை: பிரிட்டனில் புதிதாக வீடு விடுபவர்களுக்கு

போன வாரம் தம்பி முறை உள்ள ஒருவர் போனில் கூப்பிட்டார். கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு வாங்கியிருக்கிறார். அடுத்த மாதம் வாடகைக்கு விடப் போகிறார். "அண்ணா, பாய்லர் சர்வீஸ் டிசம்பர்லதான் பண்ணோம். பில் கையில இருக்கு. கேஸ் சர்டிபிகேட்டுக்கு அது போதும்ல?" என்று கேட்டார்.

போதாது. முதல் வீட்டை விட்ட வருடம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சர்வீஸ் என்பது பாய்லரைத் திறந்து சுத்தம் செய்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, நன்றாக ஓட வைப்பது. பாதுகாப்புச் சோதனை வேறு. வீட்டில் நீங்கள் கொடுத்திருக்கும் ஒவ்வொரு கேஸ் சாதனமும் அதன் புகைக்குழாயும் அங்கே குடியிருப்பவர்களுக்கு ஆபத்தில்லாமல் இருக்கிறதா என்று அளந்து பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது. இரண்டையும் ஒரே வருகையில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் சர்வீஸ் பில்லைச் சோதனைப் பதிவாகக் காட்ட முடியாது. தம்பிக்குச் சொன்னதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

படி 1: இந்தக் கடமை உங்களுக்கு உண்டா என்று பாருங்கள்

சட்டத்தின் பெயர் 1998ஆம் ஆண்டின் எரிவாயு பாதுகாப்பு விதிமுறைகள். அதில் 36ஆம் விதி வீட்டுக்காரர்களுக்கானது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும். முழு வீட்டை விட்டால்தான் என்று இல்லை. நீங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே ஒரு அறையை மட்டும் ஒரு மாணவருக்கு விட்டிருந்தாலும் கடமை உண்டு. நம் ஆட்கள் நிறையப் பேர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். "கூட இருக்கிற பையன்தானே, வீட்டு ஆள் மாதிரி" என்று விட்டுவிடுகிறோம். வாடகை வாங்கினால் நீங்கள் வீட்டுக்காரர்தான்.

வீட்டை ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார் என்றால், சோதனைக்கு ஏற்பாடு செய்வது யார் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எழுதியிருந்தாலும் ஆண்டுதோறும் ஒரு நகலை நீங்களே கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 2: வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

அறை அறையாக நடந்து பாருங்கள். பாய்லர், கேஸ் அடுப்பு, பழைய முன்னறையில் இருக்கும் கேஸ் ஃபயர், சிலிண்டர் வைத்து ஓடும் ஹீட்டர் என்று நீங்கள் கொடுத்தது எல்லாம் கணக்கில் வரும். குடியிருப்பவர் தானே வாங்கி வந்து வைத்த அடுப்பு உங்கள் கணக்கில் வராது. ஆனால் வீட்டுக் குழாய்களை நல்ல நிலையில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. ஆண்டுச் சோதனையில் குழாய்களைப் பார்ப்பது தானாகச் சேராது. அதனால் முன்பதிவு செய்யும்போதே, "குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் சோதித்துத் தாருங்கள்" என்று கேட்டுவிடுங்கள்.

முன்னறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனின் பழைய வரிசை வீடுகளில் முன்னறைக்கு ஒரு கட்டில் போட்டுப் படுக்கையறையாக்கி வாடகைக்கு விடுவது சாதாரணம். அந்த அறையில் பழைய கேஸ் ஃபயர் இருந்தால் அது பெரிய ஆபத்து. அந்த மாதிரிச் சாதனம் எரிவதற்கான காற்றை அறைக்குள்ளிருந்தே எடுக்கும். புகையைச் சிம்னி வழியே மேலே விடும். சிம்னியில் பறவை கூடு கட்டியிருந்தாலோ செங்கல் பெயர்ந்து விழுந்திருந்தாலோ புகை அறைக்கே திரும்பும். உள்ளே ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். 1998 அக்டோபர் 31க்குப் பிறகு படுக்கையறையாக மாற்றிய அறைகளில் சில வகைச் சாதனங்கள் இருக்கவே கூடாது என்று விதி சொல்வது இதனால்தான். காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியே தள்ளும் மூடிய வகைச் சாதனம் வேறு. உங்கள் வீட்டில் எந்த வகை இருக்கிறது என்று கட்டில் போடுவதற்கு முன்னால் இன்ஜினியரிடம் காட்டிக் கேளுங்கள்.

படி 3: பதிவு பெற்ற இன்ஜினியரைப் பிடியுங்கள்

கேஸ் சேஃப் பதிவேட்டில் இருப்பவர் மட்டுமே இந்த வேலையைச் செய்யலாம். 2009 ஏப்ரல் 1 முதல் பிரிட்டனில் இதுதான் அதிகாரபூர்வப் பதிவேடு. அதற்கு முன் இருந்தது கோர்கி. இந்தச் சான்றிதழை இன்னமும் எல்லோரும் 'சிபி 12' என்று சொல்வது அந்தக் கோர்கி காலத்துப் படிவத்தின் பெயரால்தான். விளம்பரத்தில் "கோர்கி பதிவு பெற்றவர்" என்று யாராவது போட்டிருந்தால், அதை நம்பி அழைக்காதீர்கள்.

வந்தவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். நல்ல இன்ஜினியர் தானே எடுத்துக் காட்டுவார். முன்பக்கத்தில் புகைப்படம், உரிம எண், காலாவதித் தேதி இருக்கும். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி உண்டு என்று அங்கேதான் இருக்கும். பாய்லருக்குத் தகுதி இருந்து, கேஸ் ஃபயருக்கு இல்லாமல் இருக்கலாம். உரிம எண்ணைப் பதிவேட்டின் இணையதளத்திலோ 0800 408 5500 என்ற எண்ணிலோ சரிபார்க்கலாம்.

கட்டணம் அரசு நிர்ணயித்தது இல்லை. எத்தனை சாதனம் என்று சொல்லி இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். "வீட்டுக்கு வராமலே பேப்பர் தருகிறேன்" என்று சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள், எவ்வளவு குறைவாகக் கேட்டாலும்.

படி 4: தேதியைக் கணக்குப் போடுங்கள்

ஒவ்வொரு சாதனத்துக்கும் 12 மாதத்துக்குள் ஒரு சோதனை. புதிதாகப் பொருத்திய சாதனம் என்றால் பொருத்திய நாளிலிருந்து 12 மாதத்துக்குள்.

2018 ஏப்ரலில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே சோதனையை முடித்தாலும் பழைய கெடுத் தேதி அப்படியே நிற்கும். உதாரணத்துக்கு, உங்கள் கெடு அக்டோபர் 14 என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் கடைசியில் சோதித்துவிட்டாலும் அடுத்த கெடு அடுத்த ஆண்டு அக்டோபர் 14தான். ஜூலையில் செய்தால் இந்தச் சலுகை கிடையாது. ஜூலையிலிருந்தே புதுக் கணக்கு தொடங்கிவிடும். ஆகவே கெடுவுக்கு எட்டு வாரம் முன்னால் போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். அப்போது தொடங்கினால் குடியிருப்பவர் ஊருக்குப் போயிருந்தாலும், இன்ஜினியர் நாள் மாற்றினாலும் பதற்றம் இருக்காது.

படி 5: உள்ளே போக நேரம் கேளுங்கள்

வீடு உங்களுடையது, ஆனால் குடியிருப்பது அவர்கள். குறைந்தது 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லுங்கள். நான் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவேன். எதற்காக வருகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "சோதனைக்கு ஆள் வருகிறார்" என்று மட்டும் சொன்னால், சமையலறைச் சுத்தத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்துத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. "உங்கள் பாதுகாப்புக்காக, சட்டப்படி ஆண்டுக்கு ஒருமுறை" என்று எழுதுங்கள்.

அப்படியும் கதவு திறக்கவில்லை என்றால் பூட்டை உடைத்துப் போகக் கூடாது. குறைந்தது மூன்று முறை முயன்றிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அனுப்பிய கடிதம், வாட்ஸ்அப் செய்தி, இன்ஜினியர் வந்து திரும்பிய தேதி எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். முயற்சி செய்ததற்கு அதுதான் ஆதாரம்.

படி 6: சோதனை நடக்கும்போது கூடவே நில்லுங்கள்

முடிந்தால் அன்றைக்கு நீங்களே போங்கள். சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும், சரி. ஆனால் வீட்டின் உண்மையான நிலை அங்கே நின்றால்தான் தெரியும்.

இன்ஜினியர் மீட்டரில் ஒரு அழுத்தமானியை மாட்டுவார். கசிவுச் சோதனையின்போது கேஸை மூடிவிட்டு, அளவு இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பார். பாய்லரை ஓடவிட்டு அழுத்தம் போதுமா என்று பார்ப்பார். மீட்டரில் 21 மில்லிபார் அளவில் இருக்க வேண்டும். பாய்லரின் புகைக்குழாயில் ஒரு கருவியை நுழைத்து, புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு எவ்வளவு என்று அளப்பார். கேஸ் ஃபயர் இருந்தால் புகை விடும் சிறு குச்சியைக் கொளுத்தி அதன் வாயருகே பிடிப்பார். புகை சிம்னிக்குள் இழுபட வேண்டும். அறைப்பக்கம் சுருண்டு வந்தால் ஆபத்து. அடுப்பில் சுடர் நீலமாக, நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பார். மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். காற்று போதாமல் எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும்.

போன குளிர்காலத்தில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் சமையலறையில் நடந்தது இது. சுவரில் உள்ள காற்றுத் துளைக்குமேல் ஒரு அட்டையை வைத்து, சுற்றிலும் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தார்கள். அடுப்பு பர்னர்களைச் சுற்றி அலுமினியத் தாள், எண்ணெய் தெறிக்காமல் இருக்க. "குளிர் தாங்கலை அண்ணா, சின்னவனுக்குச் சளி. அதான் அடைச்சுட்டோம்" என்றார் அங்கே குடியிருக்கும் தங்கை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு நான் சொல்லித் தராததுதான். இன்ஜினியர் அலுமினியத் தாளை எடுத்துவிட்டு அதே பர்னரை மறுபடி பற்றவைத்தார். மஞ்சள் நுனி போய், சுடர் நீலமாக நிமிர்ந்தது. அதை நேரில் பார்த்த பிறகு அந்தத் தங்கையே போய் டேப்பைப் பிய்த்தார். மறுநாள் ஜன்னல் இடுக்குகளுக்குக் குளிர் தடுக்கும் பட்டை வாங்கி ஒட்டிக் கொடுத்தேன்.

படி 7: பதிவை வரிவரியாகப் படியுங்கள்

தேதி, வீட்டு முகவரி, உங்கள் பெயரும் முகவரியும், ஒவ்வொரு சாதனமும் இருக்கும் இடம், கண்ட குறை, எடுத்த நடவடிக்கை, இன்ஜினியரின் பெயர், கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். படி 2இல் நீங்கள் எழுதிய பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அடுப்பு விடுபட்டிருந்தால் அவர் கிளம்பும் முன்பே கேளுங்கள்.

'உடனடி ஆபத்து' என்று குறித்தால், இன்ஜினியர் உங்கள் ஒப்புதலோடு அந்தச் சாதனத்தைத் துண்டித்து, பயன்படுத்தக் கூடாது என்று சீட்டு ஒட்டுவார். 'ஆபத்து ஏற்படலாம்' என்றால் அணைத்து வைப்பார். சரிசெய்யும்வரை தொடக் கூடாது. ஜனவரியில் பாய்லர் நின்றுவிட்டால் குடியிருப்பவர்கள் குளிரில் இருப்பார்கள். அன்றைக்கே மின்சார ஹீட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

இருப்பவர்களுக்குச் சோதனை நடந்த 28 நாளுக்குள் நகல் போய்ச் சேர வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு, அவர்கள் குடிவருவதற்கு முன்பே. உங்கள் நகலைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருங்கள். 2018இன் தேதிச் சலுகையைப் பயன்படுத்துபவர்கள் அதற்குப் பின் இரண்டு சோதனை முடியும்வரை வைத்திருக்க வேண்டும். நான் எதையும் வீசுவதில்லை.

கடமையைச் செய்யாவிட்டால் அபராதம் வரும், சிறைக்குப் போகவும் நேரலாம்.

படி 8: அலாரமும் அவசர எண்ணும்

இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் போல நிலையாகப் பொருத்திய, எரிபொருளில் ஓடும் சாதனம் உள்ள, ஆட்கள் புழங்கும் ஒவ்வொரு அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது கட்டாயம். கேஸ் அடுப்பு மட்டும் உள்ள அறைக்கு விலக்கு உண்டு. நான் அங்கேயும் வைத்திருக்கிறேன்; விலை பெரிதில்லை. பாய்லரிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி மாட்டுங்கள். குடிவரும் நாளில் பொத்தானை அழுத்தி, ஒலிக்கிறது என்று அவர்கள் முன்னாலேயே காட்டுங்கள். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் அலாரம் விதிகள் தனி.

தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி வருவது போன்ற உணர்வு, மூச்சுத் திணறல். இவை வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்து வந்து, வெளியே போனால் குறைந்தால், அது வெறும் ஃப்ளூ இல்லை என்று குடியிருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். உடனே வெளியே வந்து, எல்லோரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தம்பி வீட்டில் மீட்டர் படிக்கட்டுக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் இருக்கிறது. கதவின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டச் சொன்னேன். பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும்: கேஸ் வாசனை வந்தால் லைட் ஸ்விட்சைத் தொடாதே, தீக்குச்சி கிழிக்காதே, ஜன்னலைத் திற, இந்தக் கைப்பிடியைத் திருப்பு, வெளியே போய் 0800 111 999க்குக் கூப்பிடு. அதன் கீழே ஒரு சின்னப் படம். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது.