டீச் முறை வெல்டிங் மிஷினைச் சொந்தமாகக் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையின் கணபதி, குறிச்சி சிட்கோ போன்ற பகுதிகளில் லேத்தும் மில்லிங்கும் பழகிய கைகளுக்கு, மூன்று அச்சில் வெல்டிங் டார்ச்சை நகர்த்தும் ஒரு சட்டத்தைக் கட்டுவது பெரிய வேலையன்று. டார்ச்சைக் கையால் உரிய இடத்துக்குக் கொண்டுபோய், பொத்தானை அழுத்திப் புள்ளிகளைப் பதிய வைத்தால், கம்ப்யூட்டர் அதே பாதையில் டார்ச்சைத் திரும்பத் திரும்பச் செலுத்தும். இதுவே டீச் முறை. ஆனால் இந்த மிஷினுக்குக் கண் இல்லை என்பதைக் கட்டுபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் தவறு, புரோகிராமுக்குச் செலவிடும் உழைப்பில் பாதியைக்கூட, துண்டுகளை அசையாமல் நிறுத்திப் பிடிக்கும் ஜிக்குக்குச் செலவிடாதது. வெல்டர் இடைவெளி கூடினால் கையைச் சற்று அசைத்து நிரப்பிவிடுவார். மிஷின் பதிந்த கோட்டிலேயே போகும். 1.2 மி.மீ. கம்பியில் பற்றவைக்கும்போது, இணைப்பு அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினாலே பற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கத் தகட்டைச் சரியாகப் பிடிக்காது. எனவே வெட்டிய தகட்டின் அளவும், அதை நிறுத்தும் பின்களும், கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பும் சீராக அமைந்த பிறகே டீச் செய்யத் தொடங்க வேண்டும். வெப்பத்தால் இரும்பு இழுபடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். குளிர்ந்த தகட்டில் நெருப்பின்றி ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைவது போதாது. முழுமையாக ஒரு துண்டைப் பற்றவைத்து, கடைசிப் பற்று எங்கே விழுந்தது என்று பார்த்த பிறகே புள்ளிகளையும் வரிசையையும் உறுதி செய்வது நல்லது. சில நாள் நன்றாக ஓடியபின் பற்று விலகினால், உடனே புள்ளிகளை மாற்றிப் பதியாதீர்கள். டார்ச்சின் முனையில் கம்பி வெளிவரும் கான்டாக்ட் டிப்பின் துளை தேய்ந்து, கம்பி வளைந்து வெளியே வருகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அச்சுகளைப் படிப்படியாக நகர்த்தும், பின்னூட்டம் இல்லாத ஸ்டெப்பர் மோட்டார் ஓரிடத்தில் சிக்கிச் சில படிகளைத் தவறவிட்டால், அது கட்டுப்படுத்திக்குத் தெரியவே தெரியாது. அதன் பிறகு வரும் எல்லாப் புள்ளிகளும் அதே அளவு தள்ளிப் போகும். மின்சாரம் போய்வந்தாலும் டார்ச் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே மின்சாரம் போய்வந்த ஒவ்வொரு முறையும், தொடக்க இடத்தைக் காட்டும் ஹோம் சுவிட்சைத் தொட்டு வந்த பிறகே புரோகிராம் ஓடும்படி அமைக்க வேண்டும். வசதியுள்ளவர்கள், நகர்ந்த அளவைத் திருப்பிச் சொல்லும் என்கோடர் உள்ள மோட்டாரையே வாங்கலாம்.

மின் இணைப்பில் செய்யும் பிழைதான் அதிகச் செலவு வைப்பது. எர்த் கிளாம்ப்பை மிஷின் சட்டத்தில் எங்கேயோ மாட்டினால், வெல்டிங் மின்னோட்டம் பேரிங்கு, அச்சை நகர்த்தும் பால் ஸ்குரூ வழியாகத் திரும்பி அவற்றைப் பொத்தலிடும். கிளாம்ப்பை ஜிக்கிலேயே, பற்று விழும் இடத்துக்கு அருகில் மாட்ட வேண்டும். டார்ச் டிரிக்கரைக் கட்டுப்படுத்தியின் பின்னில் நேரடியாக இணைக்காமல், இரு சுற்றுகளையும் பிரித்து வைக்கும் ரிலே வழியாகவே இணைக்க வேண்டும். அச்சின் எல்லையை உணர்த்தும் லிமிட் சுவிட்சுக்கு 5 வோல்ட்டைவிட 24 வோல்ட்டும், உலோக வலை உறையிட்ட கேபிளும் மின் இரைச்சலைத் தாங்கும். உயர் அதிர்வெண்ணில் தீப்பொறி எழுப்பும் டிக் வெல்டிங்கை முதல் மிஷினில் முயலவே வேண்டாம் என்பது என் கருத்து.

டிரிக்கர் அழுத்தியவுடன் அச்சுகள் நகர்ந்துவிட்டால், ஆர்க் பிடிக்காத இடத்தில் பற்றே இருக்காது. மின்னோட்டம் ஓடுவதை உணர்ந்த பிறகே டார்ச் நகர வேண்டும். ஆர்க்குக்கு மின்சாரம் தரும் வெல்டிங் மின்மூலத்தின் பெயர்ப் பலகையில் 60% டியூட்டி சைக்கிள் என்றிருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்தில் 6 நிமிடமே ஆர்க் எரியலாம் என்று பொருள். கையால் பற்றவைப்பவர் இடையிடையே ஓய்வு தருவார், தானியங்கியோ தராது. டார்ச்சுக்கும் இதே கணக்கு உண்டு.

அவசர நிறுத்தப் பொத்தானை மென்பொருளுக்குச் செய்தி அனுப்பும் ஒரு சுவிட்சாக மட்டும் வைப்பது உயிருக்கே ஆபத்து. அது மோட்டார் டிரைவின் மின்சாரத்தையும் டார்ச் டிரிக்கரையும் கம்பி வழியாகவே துண்டிக்க வேண்டும். டீச் செய்பவரின் தலையும் கையும் டார்ச்சுக்கு மிக அருகில் இருப்பதால், தொழிற்சாலை ரோபோக்களுக்கே டீச் வேக வரம்பு நொடிக்கு 250 மி.மீ. தான், பட்டறையில் கட்டிய மிஷினுக்கு அதைவிடக் குறைவாக வைத்து, டீச் நிலையில் ஆர்க் எரியவே முடியாதபடி டிரிக்கர் ரிலேயைச் சாவி சுவிட்சால் பூட்டிவிட வேண்டும்.